வெல்லாவெளி மத்தளமும் மான்செஸ்டர் இசைத்தட்டும்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள், வெல்லாவெளிச் சந்தியில் யாம் நிழலுக்காக ஒதுங்கி நின்றபோது, மோட்டார்ச் சைக்கிளில் வந்திறங்கிய இளைஞர் ஒருவரின் கறுப்புச் சட்டை எமது கண்ணை ஈர்த்தது. அதன் நெஞ்சுப்புறத்தில் வெண்கோடுகள் பல, ஒன்றன்கீழ் ஒன்றாக, நடுவிற் குன்றுகளாக எழுந்தும் இருமருங்கும் சமவெளியாக அடங்கியும் காணப்பட்டன. “தம்பி, இது என்ன படம்?” என்று வினவினோம். அவர் குனிந்து தம் மார்பைப் பார்த்துக்கொண்டு, “தெரியாது ஐயா, மலபோல கிடக்கு. சந்தையில எடுத்த” என்றார். பின்னர், முதியவர் ஒருவர் தம் சட்டையை விடாது நோக்குவதைக் கண்டு சிறிது நாணிச் சிரித்துவிட்டு அப்பாற் சென்றார்.

அவர்மீது குறை கூறுவதற்கில்லை. இன்று உலகெங்கும் அச்சட்டையை அணிந்து திரிவோருட் பலர் அறிந்ததும் அவ்வளவே. அஃது மலையன்று, அலையுமன்று, விண்மீன் ஒன்றின் நாடித்துடிப்பு. 1967ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜிற் பயின்றுகொண்டிருந்த ஜோசலின் பெல் என்னும் பெண்மணி, வானொலித் தொலைநோக்கியின் பதிவுத்தாளில் ஒழுங்கு தவறாது வந்துகொண்டிருந்த துடிப்பொன்றைக் கண்டார். சற்றேறக்குறைய 1.337 விநாடிக்கு ஒருமுறை அது துடித்தது. முதன்முதலாக அறியப்பட்ட துடிமீன் அதுவே. அதன் துடிப்புகளை அடுக்கி வரைந்த படமொன்றை வானியற் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்து, வெள்ளைத்தாளிற் கருங்கோடாக இருந்ததைக் கருநிறத்தில் வெண்கோடாக மாற்றி, இசைத்தட்டு ஒன்றின் உறையாக்கினார் பீற்றர் சவில் என்னும் ஓவியர். அவ்விசைத்தட்டு 1979ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மான்செஸ்டர் நகரில் வெளிவந்தது. பெயர் ‘அன்நோன் பிளெஷர்ஸ்’. பாடிய குழுவின் பெயர் ஜோய் டிவிஷன். உறையின் முகப்பில் இவ்விரு பெயர்களும் இல்லை. துடிப்பு மட்டுமே உண்டு.

இதனைப்பற்றி எழுதப்போகின்றோம் என்று யாம் தெரிவித்தபோது மலர்க்குழுவினர் சற்றுத் திகைத்திருப்பர். பழைய மாணவர் என்றால் விடுதிச் சோற்றைப் பற்றியோ, வென்ற பந்தயங்களைப் பற்றியோ எழுதுதல் மரபு. அன்றியும், இசை என்று பேசப் புகுந்தால், காரைதீவிற் பிறந்து 1947இல் யாழ்நூலை அரங்கேற்றிவிட்டு அவ்வாண்டிலேயே மறைந்த விபுலாநந்த அடிகளாரின் நாட்டிலே, ஆங்கிலேய இளைஞர் நால்வரின் இரைச்சலுக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அவர்கள் சிறிது பொறுத்தருள்வாராக. விடுதியும் இக்கட்டுரையில் வரும்; பந்தயம் மட்டும் வராது.

முதலில் அக்குழுவினர் யாவர் என்று சொல்லிவிடுதல் நன்று. இம்மலரைப் படிப்போர்க்கு உவப்பான செய்தியொன்று உண்டு: அந்நால்வரும் இரு கல்லூரிகளின் பழைய மாணவர் ஆவர். கிதார் வாசித்த பேர்னாட் சம்னரும், பேஸ் என்னும் தாழ்சுரக் கிதார் வாசித்த பீற்றர் ஹூக்கும் சால்ஃபர்ட் கிராமர் பாடசாலையில் ஒன்றாகப் பயின்ற நண்பர்கள். பாடிய இயன் கேட்டிஸ், முழவுகளை இசைத்த ஸ்டீபன் மொறிஸ் ஆகிய இருவரும் பட்டுத் தொழிலுக்குப் பேர்பெற்ற மக்கிள்ஸ்பீல்ட் என்னும் ஊரில் கிங்ஸ் பாடசாலை மாணவர். கல்லூரிகள் இவர்களை உடனடியாகப் பொன்னாடை போர்த்துக் கொண்டாடினவா என்றால், இல்லை. அது வேறு கதை.

1976ஆம் ஆண்டு யூன் 4ஆம் திகதி செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் இலண்டன் குழு மான்செஸ்டருக்கு வந்து, ஃப்ரீ ட்ரேட் மண்டபத்தின் மாடியிலுள்ள சிறிய அரங்கிற் பாடியது. 1819இற் சீர்திருத்தம் கேட்டுத் திரண்ட மக்கள் குதிரைப்படையால் வெட்டுண்ட களத்தில் எழுந்த மண்டபம் அது. ‘பங்க்’ என்று பெயர் பெற்ற அவ்விசைக்கு மூன்று சுரக்கட்டுகளும் அளவிறந்த கோபமும் போதும், பயிற்சி வேண்டா. அன்று கேட்கப் போனவர்கள் சிறு தொகையினரே. பின்னாளில் “யானும் அங்கிருந்தேன்” என்று சொல்லிக்கொண்டவர்களைக் கூட்டினாலோ பெரிய மண்டபமும் கொள்ளாது. (நமது கல்லூரி வென்ற பந்தயங்களை நேரிற் கண்டோரின் தொகையும் ஆண்டுதோறும் இவ்வாறே பெருகி வருவதை யாம் அவதானித்துள்ளோம்.) சம்னரும் ஹூக்கும் உண்மையாகவே அங்கிருந்தனர். மறுநாளே ஹூக் தம் தாயாரிடம் கடன் வாங்கி ஒரு பேஸ் கிதாரை வாங்கினார்.

பங்க் இசையின் கோபம் இரண்டாண்டிற்குட் களைத்துவிட்டது. களைத்தபின் எஞ்சியது என்ன என்று தேடியவர்களின் இசையையே ‘போஸ்ட்-பங்க்’ என்பர். பங்க் போனபின் வந்தது என்பதே சொல்லின் பொருள். கத்துவதை விட்டு முணுமுணுத்தலும், விரைவை விட்டு இடைவெளியும், வெளியுலகை ஏசுவதை விட்டு உள்ளத்தின் இருளைக் காண்டலும் அதன் இயல்புகள். வாசோ என்று தொடக்கத்திற் பெயர் பூண்டிருந்த இக்குழு, 1978இல் ஜோய் டிவிஷன் என்று மாறியது. நாற்சிகளின் வதைமுகாமிற் பெண்கள் சிறைவைக்கப்பட்ட பகுதிக்கு ஒரு நாவல் வழங்கிய பெயர் அது. இளமையின் துடுக்கினாற் சூடிய பெயர். எமக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

1985ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், மான்செஸ்டரில் ஒரு துணிக் கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து ஏன் அங்கு சென்றோம் என்பதை 1983ஆம் ஆண்டை அறிந்த எவர்க்கும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பருத்தியால் உலகையாண்ட நகரம் அப்போது ஓய்ந்து கிடந்தது. செங்கல் ஆலைகள் கண்ணாடியிழந்து நின்றன. தொழிலாளர் வாழ்ந்த தெருக்கள் பல முன்னரே இடித்துத் தள்ளப்பட்டு, மாற்றாகக் கட்டிய மாடிகளும் ஈரம் ஊறிக் கறுத்திருந்தன. பகலில் உறங்கவேண்டிய எமக்கு மேல்மாடியில் ஓர் ஆங்கில இளைஞர் வாய்த்தார். வேலையற்றவர், நற்குணமுடையவர், ஆயினும் ஒலிநாடா ஒன்றை ஓயாது போடுபவர்.

பாட்டின் சொற்கள் எமக்கு எட்டவில்லை. பலகைத் தளத்தை ஊடுருவிக் கீழே இறங்கியவை தாழ்ந்த சுரங்களும் முழவின் அடியும் மட்டுமே. முதல் நாட்களிற் சினந்தோம். போர்வையாற் காதை மூடினோம். பின்னர் ஒருநாள் அரைத்துயிலிற் கிடக்கையில், அவ்வோசை மேலிருந்து வரவில்லை, வெல்லாவெளியிலிருந்து வருகிறது என்று தோன்ற, திடுக்கிட்டெழுந்து கட்டிலில் அமர்ந்தோம்.

படுவான்கரையிற் பிறந்தவர்க்கு இது விளங்கும். எழுவான்கரையினர்க்குச் சிறிது விளக்கவேண்டும். மாரி வேளாண்மை வெட்டி, சூடு மிதித்து, நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தபின், ஊர் இளைப்பாறும் காலத்தே கூத்து எழும்பும். வட்டைக்கு அப்பால் அடுத்த ஊரிலே களரி கட்டி ஆடும் இரவுகளிலே, காற்று பிற்பாட்டுக்காரரின் குரலைத் தின்றுவிடும். தாளத்தின் கிணுகிணுப்பையும் சதங்கை ஒலியையும் தின்றுவிடும். வயலையும் வாய்க்காலையும் கடந்து எம்மிடம் வந்து சேர்வது மத்தளத்தின் தாழ்ந்த அடி ஒன்றே. உயர்ந்த சுரங்கள் வழியில் மாய்ந்துவிடத் தாழ்ந்தவையே தொலை செல்லும் என்று பௌதிக ஆசிரியர் பின்னர் எமக்குக் கற்பித்தார். ஆயினும் அதனை முதலிற் கற்பித்தது வெல்லாவெளி இரவுதான்.

மேல்மாடிக்குச் சென்று கதவைத் தட்டினோம். தூக்கம் கெட்டதைச் சொல்லிச் சண்டையிட வந்தோம் என்று எண்ணி அவ்விளைஞர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். “இதில் மத்தளம் அடிப்பவர் யார்?” என்று கேட்டோம். மத்தளம் என்ற சொல்லுக்கு ஆங்கிலம் அப்போது எமக்கு வரவில்லை. கையால் அடித்துக் காட்டினோம்.

அன்று அவர் சொல்லியும், பின்னர்ப் படித்தும் அறிந்தவற்றுட் சில இவை. அவ்விசைத்தட்டு 1979 ஏப்ரலில் ஸ்டொக்போட் என்னும் அயலூரின் ஸ்ட்ரோபெரி ஒலிப்பதிவுக்கூடத்திற் பதிவாயிற்று. பதிவை நடத்தியவர் மார்ட்டின் ஹனெற். அவர் முழவுகளை ஒருங்கே அடிக்கவிடவில்லை. தொகுதியைப் பிரித்துவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடிக்கச் செய்து, ஒன்றின் ஒலி மற்றொன்றிற் கலவாதவாறு பதிந்தார். அப்பொழுது புதிதாக வந்திருந்த எண்முறை எதிரொலிக் கருவியால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு நிழலை உண்டாக்கினார். கட்டடத்து மின்தூக்கியின் உறுமலையும் போத்தல் உடையும் ஓசையையும் பாட்டினுட் புகுத்தினார். ஒரு பாடலிற் கேட்டிஸின் குரலைத் தொலைபேசிக் கம்பி வழியே செலுத்திப் பதிவுசெய்தார். அந்தக் காலத்திற் காசுகளை அடுக்கிவைத்துக்கொண்டு தெருவோரத் தொலைபேசிக் கூண்டில் நின்று, மட்டக்களப்பிலிருந்து வரும் தாயின் குரலைக் கேட்ட எவர்க்கும் அக்குரலின் தொலைவு புதியதன்று.

ஹூக்கின் பேஸ் கிதாரைப் பற்றியும் ஒரு சொல். அவரிடமிருந்த ஒலிபெருக்கி தரங்குறைந்தது; தாழ்ந்த சுரங்களை வாசித்தால் அவருக்கே கேளாது. ஆகவே மேற்சுரங்களுக்கு ஏறினார். பாட்டின் மெட்டையே பேஸ் கிதார் தாங்கலாயிற்று. இல்லாமையிலிருந்து ஒரு பாணி பிறந்தது. கையில் அகப்பட்ட மரத்தைக் குடைந்து மத்தளஞ் செய்து, அகப்பட்ட தோலை வார்ந்து கட்டி, அதன் குரலுக்கேற்ப ஆட்டத்தை அமைத்துக்கொண்ட எமது அண்ணாவிமாருக்கு இது வியப்பளித்திராது.

நகைப்பிற்குரியது யாதெனில், தட்டு வெளிவந்தபோது சம்னருக்கும் ஹூக்கிற்கும் அது பிடிக்கவேயில்லை. தாங்கள் மேடையில் முழங்கிய முழக்கத்தை ஹனெற் மழைக்குள் மறைத்துவிட்டார் என்று குறைப்பட்டனர். ஹனெற்றின் பக்கமே நியாயம் என்பது எமது கட்சி. மேடை முழக்கம் அன்றைய இரவோடு போயிருக்கும். தொலைவிலிருந்து கேட்பதுபோல் அவர் அமைத்தமையாலன்றோ, தொலைவிலிருந்து வந்த எமக்கும் அது கேட்டது.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களன் வகுத்தார். இழத்தலும் வறுமையும் அவற்றுட் சேர்ந்தவை. நெய்தல் நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாகவும் விளரியைப் பண்ணாகவும் கொண்டனர் முன்னோர். சாவுப் பறைக்கு நெய்தற்பறை என்று பெயரிட்டு, ஒரு வீட்டில் அதுவும் மறுவீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலிப்பதைப் புறநானூறு பாடிற்று. வாவியின் கரையில் வாழும் நமக்கு இருண்ட இசை புதிதன்று. முழுநிலவில் தோணியில் இருந்து, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, அடியிலிருந்து எழும் ‘பாடும் மீனின்’ முனகலைக் கேட்டு வளர்ந்தவர்களல்லவா நாம்!

ஆயினும் மான்செஸ்டர்க் கட்டிலில் எம்மை எழுப்பியது பொதுவான இரங்கல் அன்று. ஒரு குறிப்பிட்ட மத்தளத்தை யாம் கேட்டோம். ஒரு குறிப்பிட்ட கையைக் கேட்டோம்.

விடுதியில் எமது கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் வெல்லாவெளி மாணவர் ஒருவர் இருந்தார். பெயரை இங்கே எழுதாமைக்கு உறவினரின் விருப்பமே காரணம். அக்காலத்து விடுதி மாணவர் இவ்வளவிற் கண்டுகொள்வர். தந்தையார் போடியார் ஒருவரின் வட்டையில் முல்லைக்காரர், தாய்மாமன் அண்ணாவியார். கணிதத்தில் எம்மைவிடக் கெட்டிக்காரர். படிக்கும்போதும் மேசை விளிம்பில் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். “என்ன மச்சான், கணக்கா கூத்தா?” என்று கேட்டால், “ரெண்டும் ஒண்டுதான்” என்பார்.

அவருக்கு வலிப்பு இருந்தது. முதன்முறை யாம் கண்டது 1976இல், விளக்கணைத்த பின்னர். இரும்புக் கட்டில் நடுங்கும் ஓசையாலே விழித்தோம். எமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே: பெட்டித் திறப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினோம். இரும்பால் ஆவது ஒன்றுமில்லை என்றும், ஒருக்களித்துக் கிடத்தித் தலையைக் காத்தலே செய்யத்தக்கது என்றும், நாள்தோறும் மருந்துண்டாற் பெரும்பாலார்க்கு இந்நோய் அடங்கும் என்றும் பின்னரே அறிந்தோம். தெளிந்தபின் அவர் முதலிற் சொன்னது: “வார்டனுக்குச் சொல்லிராத மச்சான். சொன்னா ஊருக்கு அனுப்பிருவாங்க.”

யாம் சொல்லவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அந்தத் திறப்பு எமது தலையணையின் கீழே கிடந்தது. நட்பின் கடமையைச் செய்கிறோம் என்ற பெருமையும் எமக்கு இருந்தது. அடுத்த கட்டிலிலே இருப்பவரைக் கண்டு பிற மாணவர் விலகிவிட்டால் எம்மையும் சேர்த்து விலக்குவரே என்ற அச்சமும் அப்பெருமைக்குள்ளே இருந்தது. இதனை எழுத நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று.

1977ஆம் ஆண்டு விடுமுறைக்கு அவருடன் வெல்லாவெளிக்குப் போனோம். களுவாஞ்சிக்குடி வரை பஸ்; பின் வாவியைக் கடந்து உட்செல்லும் வழி. ஊரில் வடமோடிக் கூத்தொன்று பழகி முடித்திருந்தனர். சட்டங் கொடுத்து, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றத்துக்கு வந்துவிட்டது. அபிமன்யு மாளும் கதை. வட்டக்களரியைச் சுற்றி மூன்று நான்கு ஊர்ச் சனம். பாய் விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தியிருந்தார்கள். நள்ளிரவு கடந்து மாமனார் களைத்தபோது, மத்தளத்தை இடுப்பிற் கட்டிக்கொண்டு நண்பர் எழுந்து நின்றார்.

மாமனாரின் அடி நிறைந்த அடி. வெள்ளம்போல் வந்து ஆட்டக்காரரைத் தூக்கிச் செல்வது. மருமகனாரின் அடி வேறு. அவர் விட்டுவிட்டு அடித்தார். ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையில், இனி வராதோ என்று நெஞ்சு ஏங்கும் அளவு காத்திருந்து, வராது என்று நினைத்த கணத்தில் வைத்தார். அபிமன்யு வியூகத்துட் புகும்போது அந்த இடைவெளிகளில் ஒரு பிள்ளையின் அழுகை கூடக் கேட்கவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைப் பரீட்சைக்கு மனனஞ் செய்திருந்த எமக்கு, அவ்விலக்கணம் மாந்தர்க்குரியது என்பது அன்றுதான் தெரிந்தது.

விடியற்கு முன்னர் ஓர் இடைவெளி நீண்டது. எல்லாரும் காத்திருந்தோம். அடி வரவில்லை. நண்பர் மத்தளத்தோடு களரியில் வீழ்ந்தார்.

பெண்கள் குரவையிட்டார்கள். “தெய்வம் வந்துட்டு!” என்று யாரோ கூவினர். கற்பூரம் வந்தது, திருநீறு வந்தது, வேப்பிலை வந்தது. கைகால் உதறுவதைக் கண்டு முதியவர்கள் கும்பிட்டனர். அவர் வாயிற் குருதி கசிந்தபோதும் எவரும் ஐயுறவில்லை. அந்தக் கூட்டத்தில் உண்மையை அறிந்தவர் யாம் ஒருவரே. பெட்டித் திறப்பு விடுதியில் இருந்தது. வாய் எம்மிடமே இருந்தது. யாம் வாயைத் திறக்கவில்லை. ஊராரின் நம்பிக்கைக்கு எதிர்நிற்க அஞ்சினோம் என்று சொல்லலாம். கொடுத்த வாக்கைக் காத்தோம் என்றும் சொல்லலாம். உண்மையில், அந்தக் கணத்தில் எமக்கும் அது தெய்வமாகவே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றிற்று.

அதன்பின் அவர் கல்லூரிக்கு வரவில்லை. நூல் கட்டினார்கள், நேர்ந்துகொண்டார்கள், மருந்துக்கு மட்டும் எவரும் கூட்டிச் செல்லவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி வந்து மட்டக்களப்பைப் புரட்டியது. தென்னைகள் திருகி வீழ, கூரைகள் பறந்தன. சில வாரங்களின் பின் வெல்லாவெளிக்குச் சென்று அவரைக் கண்டோம். வீட்டுச் சுவர் மட்டும் நின்றது. மெலிந்திருந்தார், மத்தளத்தின் தோல் நனைந்து போயிற்று என்று வருந்தினார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வருமாறு அன்று அழைத்திருக்கலாம். அழைக்க எண்ணித்தான் சென்றோம். சூறாவளியைப் பற்றியே பேசிவிட்டுத் திரும்பினோம்.

1979ஆம் ஆண்டு ஆவணியில் வாய்க்காலிற் குளிக்கப் போனவரை மாலையில் எடுத்தார்கள். தண்ணீர் இடுப்பளவே இருந்ததாம்.

இனி மான்செஸ்டருக்கு மீள்வோம். அந்த ஒலிநாடாவில் எம்மை எழுப்பிய பாடல் ‘ஷீஸ் லொஸ்ட் கொன்ட்ரோல்’ என்று மேல்மாடி இளைஞர் சொன்னார். அதன் முழவொலியில் ‘உஸ்’ என்று ஓர் ஓசை உண்டு. ஒலிநாடாத் தலையைத் துப்புரவாக்கும் மருந்தைப் புட்டியிலிருந்து பீச்சி, மொறிஸ் அதனை உண்டாக்கினார். மூடிய அறைக்குள் அம்மருந்தின் ஆவியால் அவர் மூச்சுத் திணறிய கதையை இளைஞர் சிரித்துக்கொண்டே கூறினார். பின்னர், சிரிப்பு அடங்கி, பாட்டின் கதையைக் கூறினார்.

இயன் கேட்டிஸ் பாடகராகப் புகழ்பெறுமுன் மக்கிள்ஸ்பீல்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். உடற்குறையுடையோர்க்கு வேலை தேடிக்கொடுப்பது அவர் பகுதி. வலிப்புடைய இளம்பெண் ஒருத்தி வேலை கேட்டு அங்கு வந்துபோவாள். ஒரு காலத்தின் பின் அவள் வரவில்லை. வேறெங்கோ வேலை கிடைத்திருக்கும் என்று கேட்டிஸ் எண்ணியிருந்தார். அவள் இறந்துவிட்டாள் என்று பின்னரே தெரிந்தது. அதிலிருந்து பிறந்தது அப்பாடல்.

கேட்டிஸுக்கும் அந்நோய் உண்டென்று 1979 தொடக்கத்தில் மருத்துவர் உறுதிசெய்தனர். இலண்டனில் ஒரு கச்சேரி முடிந்து காரில் திரும்பும் வழியில் முதற்பெரும் வலிப்பு வந்திருந்தது. மருந்துகள் கொடுக்கப்பட்டன; அக்காலத்து மருந்துகள் நோயை முற்றாக அடக்காமல் மனத்தை மட்டும் இருளச் செய்தன. மேடையிலே அவர் கைகளை வீசி, உடலை வெட்டி ஆடுவது முன்னரே வழக்கம். அதைக் காண்பதற்கென்றே கூட்டம் வந்தது. விட்டுவிட்டு மின்னும் விளக்குகளின் கீழ் உண்மையான வலிப்பு வந்தபோது, ஆட்டம் எது நோய் எது என்று கூட்டத்தார் அறியார். கைதட்டினர். அவர் வீழ்ந்தபோதும் கைதட்டினர்.

இதனை இளைஞர் சொல்லிக்கொண்டு போகையில், எமது காதிற் குரவை கேட்டது.

1980 மே 18ஆம் திகதி, குழு அமெரிக்காவுக்குப் புறப்படவிருந்த நாளின் முதல்நாள், கேட்டிஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 23. நோயும் மருந்தும் குடும்பத் துயரும் ஒருங்கே நெருக்கின என்பர். உடனிருந்த நண்பர்கள், பாட்டுக்களிலே அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்ததைத் தாங்கள் சொல்லாகக் கேட்கவில்லை, கலையென்றே கொண்டுவிட்டோம் என்று பின்னாளில் வருந்திக் கூறியுள்ளனர். எஞ்சியோர் நியூ ஓடர் என்று பெயர் மாற்றித் தொடர்ந்தனர். 1983இல் அவர்களின் ‘புளூ மண்டே’ உலகை ஆட்டிவைத்தது. அந்தப் பிற்கதையில் எமக்கு ஈடுபாடு குறைவு.

எம்மை வருத்தியது வேறொன்று. பெயரும் முகவரியும் மட்டுமே அறிந்த, மேசைக்கு அப்புறம் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் சாவை அந்த எழுதுவினைஞர் பாட்டில் எடுத்து வைத்தார். அடுத்த கட்டிலில் ஒன்றரை ஆண்டு கிடந்தவரைப் பற்றி யாம் ஒரு வரியும் எழுதவில்லை. 1979இற் கல்லூரிச் சஞ்சிகைக்கு எமது கட்டுரை ஒன்று போனது. அதன் பொருள், சூறாவளியின் பின் தென்னைப் பயிர்ச்செய்கை.

சென்ற ஆண்டு வெல்லாவெளிக்குப் போனது இதற்காகவே. நண்பரின் தங்கையார் இன்னும் அதே வளவில் இருக்கிறார். எம்மைக் கண்டவுடன், “அண்ணா” என்றழைத்து, பாய் விரித்து, தேநீர் ஊற்றினார். 1977இல் யாம் மறைத்ததை அவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “எங்களுக்குத் தெரியும் அண்ணா. அம்மாக்குச் சின்ன வயசிலயே தெரியும். ஆரும் சொல்லல்ல” என்றார்.

அவர் மகன் கூத்திலே மத்தளம் அடிப்பவர். எமது கைத்தொலைபேசியில் அந்தப் பாடலைப் போட்டுக் காட்டினோம். மகன் தலையை ஆட்டி, விரலால் தொடையில் தட்டிப் பார்த்து, இரண்டாம் முறை போடச் சொன்னார். தங்கையார் அடுப்படியில் நின்றபடியே செவிகொடுத்தார்.

“இது ஆரண்ணா அடிக்கிற?”

“ஒரு வெள்ளைக்காரர், தங்கச்சி.”

“பாவம். அவருக்கும் ஏலாதா?”

“அடிக்கிறவருக்கு இல்ல. பாடுறவருக்கு.”

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை அடுப்பை ஊதாமல் நின்றார்.

புறப்படும்போது, நண்பரின் படம் ஒன்றேனும் உண்டா என்று கேட்டோம். சூறாவளியில் எல்லாம் போயிற்று என்றார். மட்டக்களப்பிற்கு 1976இல் வந்த படப்பிடிப்பாளர் ஒருவர் விடுதி மாணவர் அனைவரையும் மாமரத்தடியில் நிறுத்தி எடுத்த படம் ஒன்று உண்டு. எமது பிரதி 1983இன் பின்னர் வீட்டோடு தொலைந்தது. பழைய மாணவர் எவரிடமேனும் அது இருக்குமாயின், மலர்க்குழுவின் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பி உதவுமாறு வேண்டுகின்றோம். மூன்றாம் வரிசை, இடமிருந்து இரண்டாமவர். படமெடுக்கும் கணத்திலும் கையை அசைத்துக்கொண்டிருந்தமையால், விரல்கள் மட்டும் மங்கலாக விழுந்திருக்கும்.